வெள்ளை வாகனங்களின் இடது கண்ணாடி

சரியாக ஏழு மணிக்குச் சிவரூபன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். மாடிப்படியில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. வந்தவர் இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி இறங்கிப் போனார். உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“அது எங்கட சட்டம்,” என்றார் சிவரூபன், பக்கத்துக் கதிரையில் இருந்த சோபனாவிடம். “பிந்தினால் அந்தக் கிழமைக் கூட்டம் இல்லை. நான்தான் கொண்டுவந்தனான்.”

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு தேநீர்க்கடையின் மேல்மாடி அது. செவ்வாய்க்கிழமை தோறும் காலையில் அந்த வட்டாரத்துச் சிறு வணிகர்கள் இருபது இருபத்திரண்டு பேர் அங்கே கூடுவார்கள். மருந்துக்கடை, கராஜ், வலைக்கடை, பந்தல்காரர், அழகு நிலையம் என்று ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் சேரலாம். ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிடம் தன் தொழிலைப் பற்றிச் சொல்வார். ஒருவருக்கு ஒரு வேலை ஆகவேண்டுமென்றால் வெளியாளிடம் போகாமல் கூட்டத்துக்குள்ளேயே கொடுக்க வேண்டும். அதுவும் சட்டம். அச்சகம் நடத்தும் சிவரூபன் தலைவர்.

சோபனாவின் கழுத்தில் ‘விருந்தினர்’ என்று ஓர் அட்டை தொங்கியது. காப்புறுதி நிறுவனம் ஒன்றில் ஒன்பது வருடம் நொறுங்கிய வாகனங்களைப் பார்த்துப் பார்த்து அறிக்கை எழுதியவள். இப்போது உவர்மலையில் ஓர் அறை எடுத்துத் துப்பறிகிறாள். பேச்சு நடக்கும் இடத்தில் அவளால் ஒரே கதிரையில் பத்து நிமிடம் இருக்க முடியாது. அன்று கச்சான் காற்று வேறு. யன்னல் கம்பிகளைப் பிடித்து உலுக்கி, துறைமுகத்து உப்பை மேசைவரைக்கும் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது. அவள் எழுந்து யன்னலடிக்குப் போனாள். கடல் தெரிந்தது. வாகனங்கள் நிற்கும் வளவு கட்டடத்தின் பின்னால் இருந்தது. அது தெரியவில்லை.

வேலையை நேற்றுத்தான் சிவரூபன் கொண்டுவந்து தந்திருந்தார்.

“கண்ணாடி களவு போகுது,” என்று தொடங்கினார். “நாங்கள் மேல கூட்டத்தில இருக்கேக்க, கீழ நிக்கிற வாகனத்தின்ர சைட் கண்ணாடி. ஒரு கிழமைக்கு ஒண்டு. இதுவரைக்கும் அஞ்சு.”

“எந்தப் பக்கக் கண்ணாடி?”

“இடது. எல்லாம் இடது. எல்லாம் வெள்ளை வாகனம். அதைவிடப் பகிடி, அடுத்த கிழமை அது திரும்பி வந்திடுது. பேப்பரில சுத்தி, துடைச்சு, வைப்பருக்குக் கீழ வைச்சிருக்கும்.”

“திருப்பித் தாறவனை ஏன் பிடிக்கவேணும்?”

“எங்கட சந்திப்பின்ர பேர் கெடுதெல்லோ. ஆள் ஆர் எண்டு எனக்குத் தெரியவேணும். எனக்கு மட்டும் சொன்னாப் போதும்.”

அந்தக் கடைசி வசனம் சோபனாவுக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஆனால் இடது கண்ணாடியும் வெள்ளை வாகனமும் அவளை விடவில்லை.

ஏழே முக்காலுக்குப் பின்பக்கத்துக் குசினிப் படியால் ஸுல்பிகா காலைச் சாப்பாட்டோடு ஏறி வந்தாள். பாலையூற்றில் சமையல் வேலை செய்பவள். கூட்டத்தில் சாப்பாட்டுத் தொழிலுக்கான உறுப்பினர் அவள்தான்; சாப்பாடு கொண்டுவருவதால் ஏழு மணிச் சட்டம் அவளுக்கு மட்டும் இல்லை. இரண்டு தரம் இறங்கி ஏறிச் சட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள். தன் முறை வந்தபோது எழுந்து, “இடியப்பம், ரொட்டி, பகல் சாப்பாடு. சொன்னா வீட்டுக்கே வரும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்தாள். ஒரு நிமிடத்தில் பத்து விநாடிகூட அவளுக்குத் தேவைப்படவில்லை. மற்றவர்கள் பேசும்போது மட்டும் முகத்தை நிமிர்த்தி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டரைக்குக் கூட்டம் கலைந்தது. ஐந்தாவது நிமிடம் வளவிலிருந்து கராஜ்காரர் லாபிரின் குரல் எழும்பியது.

“என்டதும் போச்சு.”

சோபனா இறங்கி ஓடினாள். லாபிரின் வெள்ளைக் காரில் இடப்பக்கக் கண்ணாடி இருந்த இடம் கண் தோண்டின முகம்போலக் கிடந்தது. பக்கத்துக் காரில், போன கிழமை போன கண்ணாடி, பேப்பரில் சுற்றி வைப்பருக்குக் கீழே பத்திரமாக இருந்தது. இவற்றுக்கு நடுவில் பஹ்மி கையில் பாதி ரொட்டியோடு நின்றான்.

குறிஞ்சாக்கேணிக்காரன். சோபனாவின் உதவியாள், ஓட்டோச் சாரதி, அவள் கேளாமலே கிடைக்கும் பேச்சுத்துணை. ஆறரை மணியிலிருந்து அவனை இந்த வளவைக் காக்கத்தான் அவள் விட்டிருந்தாள்.

“ஆர் வந்தது, பஹ்மி?”

“ஒருத்தரும் வரல்ல மிஸ். ரெண்டு காகம். ஒரு நாய். நாயை விசாரிச்சன், அதுக்கு வலது இடது தெரியா.”

“ரொட்டி எங்கால?”

பஹ்மி ரொட்டியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“ஸுல்பிகா தாத்தா தந்தது,” என்றான் மெதுவாக. அவர்கள் வீடுகளில் அக்காவைத் தாத்தா, அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். “காத்துக்குள்ள நிண்டு திங்காதீங்க தம்பி, மண் விழும், குசினிக்குள்ள போய்த் திண்டுட்டு வாங்க எண்டு சொன்னாங்க. சம்பலும் இருந்திச்சு.”

“எவ்வளவு நேரம்?”

“மூணு ரொட்டி நேரம்.”

சோபனா குனிந்து கண்ணாடிக் கூட்டின் விளிம்பைப் பார்த்தாள். கறுப்புப் பிளாஸ்டிக்கில், கண்ணாடியை நெம்பி எடுத்த இடத்தில், வெள்ளையாய் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. பஹ்மி விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

“பொலிஸ் எண்டா இதைக் கொழும்புக்கு அனுப்பி மூணு மாசம் காத்திருப்பாங்க,” என்றான். “ரொட்டி மா. உப்புக் கொஞ்சம் கூட.”

சிவரூபன் பின்னால் வந்து நின்றார். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

“ஏதும் தெரிஞ்சுதோ?”

“பின்னேரத்துக்கிடையில சொல்லுறன்,” என்றாள் சோபனா. “உங்கட வான் எங்க? காணேல்ல.”

“வீட்டில. இந்தக் கள்ளன் பிடிபடுமட்டும் இங்க கொண்டுவாறதா இல்லை. ஓட்டோவிலதான் வந்து போறன்.”

ஊர் முழுக்க ஓடும் அந்த வானைத் தெரியாதவர்கள் இல்லை. நான்கு பக்கமும் நீல ஸ்டிக்கர் ஒட்டி, அச்சகத்தின் பேரும் தொலைபேசி இலக்கமும் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கும்.

“அது நீலந்தானே ஐயா,” என்றான் பஹ்மி. “கள்ளனுக்கு வெள்ளையிலதான் விரதம்.”

சிவரூபன் சிரிக்கவில்லை. வீதிக்குப் போய் ஓர் ஓட்டோவை மறித்து ஏறினார்.

லாபிரின் கராஜ் நடந்துபோகிற தூரம். சோபனா நடந்தாள், பஹ்மி ஓட்டோவை அவளுக்குப் பக்கத்தில் ஆளின் வேகத்துக்கு உருட்டிக்கொண்டே வந்தான்.

“ஏறலாமே மிஸ்.”

“நடந்தாத்தான் யோசனை வரும்.”

“எனக்கு இருந்தாத்தான் வரும். அதான் நான் ஓட்டோ ஓட்டுறன்.”

“ஒரு பொருளை எடுத்து, வைச்சிருந்து, ஒரு கிழமையில பத்திரமாத் திருப்பிக் குடுக்கிறதுக்கு என்ன பேர்?”

பஹ்மி யோசித்தான். “லைப்ரரி.”

“அதேதான். அது களவு இல்லை. வாசிக்க எடுக்கிறது. அப்ப கண்ணாடியில வாசிக்க என்ன இருக்கு?”

லாபிர் ஒரு பழைய காரின் அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்தார். கேள்வியைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. தொழிலைப் பற்றிக் கேட்டால் மலர்கிற முகம்.

“முன்னுக்கு ஒண்டுமில்ல. பின்னுக்குத்தான் இருக்கு. வாகனத்தோட பிறந்த கண்ணாடி எண்டா, முதுகில கொம்பனி அடையாளமும் வருஷமும் அடிச்சிருக்கும். பிறகு மாத்தினது எண்டா வேற வருஷம் இருக்கும், இல்லாட்டி வெறுமையா இருக்கும். கூட்டத்திலயும் இதைச் சொன்னேனே. என்ட ஒரு நிமிஷத்துக்கு அண்டைக்கு இதைத்தான் பேசினன். ஒரு கண்ணாடியக் கையோட கொண்டுபோய், தட்டையா எதையாவது விளிம்பில விட்டு நெம்பினாக் கழண்டு வரும் எண்டு செய்தும் காட்டினன்.”

“எப்ப?”

“ஆறு கிழமைக்கு முதல்.”

முதல் கண்ணாடி போனது அடுத்த செவ்வாய்.

“லாபிர் நானா,” என்றான் பஹ்மி, “ஊரில இப்பிடி ஒரு வாத்தியார் இருக்கிறது தெரியாமப் போச்சு. மாணவி முதல் பாடத்திலயே பாஸ்.”

“என்ன மாணவி?”

“ஒண்டுமில்ல நானா. உங்கட கண்ணாடி அடுத்த செவ்வாய் வந்திரும். துடைச்சு வரும்.”

வெளியே வந்ததும் சோபனா சொன்னாள்: “ஒன்பது வருஷம் பார்த்தனான், பஹ்மி. வலது கண்ணாடி உடைஞ்சால் எதிரில வந்த வாகனம். இடது கண்ணாடி உடைஞ்சால் வீதிக் கரையில போன ஆள். நடந்து போன ஆள், சைக்கிளில போன ஆள். ஸுல்பிகா கண்ணாடி தேடேல்ல. மாத்தின கண்ணாடி ஒண்டைத் தேடுறா. வெள்ளை வாகனத்தில.”

 சோபனா இந்த முறை ஓட்டோவில் ஏறினாள்.

பாலையூற்றில் ஸுல்பிகாவின் வீட்டு வாசலில் அடுப்புப் புகை காற்றில் கிழிந்து கிழிந்து போனது. முற்றத்தில் கழுவிக் கவிழ்த்த சட்டிகள். இருவரையும் கண்டதும் ஸுல்பிகா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். ரொட்டி திருப்புகிற தட்டகப்பை. அதன் நுனி வளைந்திருந்தது.

“மூணாவது ரொட்டி வேணாம் எண்டுதான் நினைச்சன் தாத்தா,” என்றான் பஹ்மி. “நீங்கதான் வற்புறுத்தினீங்க.”

ஸுல்பிகா அவனைப் பார்க்கவில்லை. சோபனாவிடம் கேட்டாள்: “பொலிசுக்குச் சொல்லியாச்சா?”

“இல்லை. முதல் உங்களிட்டத்தான் கேக்க வந்தனாங்கள். ஆரை இடிச்சது?”

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். அறைக் கதவடியில், இரண்டு கக்கத்திலும் தடி ஊன்றி, இருபது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். வலது காலில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இரும்புக் கம்பிகள்.

“என்ட மகள். மின்ஹா,” என்றாள் ஸுல்பிகா. “இவட வாப்பா கட்டாரில வேலை. வீட்டில நாங்க ரெண்டு பேர்தான். அப்ப நான் கூட்டத்தில இல்ல. இடியப்பம் அவிச்சு துறைமுக ஜெட்டியில படகு ஏறப் போற ஆக்களுக்குக் குடுப்பன். மார்கழி, நல்ல மழை. எனக்குக் காய்ச்சல். இவளச் சைக்கிளில அனுப்பினன். நான்தான் அனுப்பினன்.”

 மின்ஹா தொடர்ந்தாள்.

“உட்துறைமுக வீதி வளைவில. பின்னால வந்து தட்டிச்சு. வெள்ளை எண்டது மட்டுந்தான் தெரியும். காரா வானா எண்டு தெரியா.”

“பொலிசில எழுதினாங்க. அடையாளம் தெரியாத வெள்ளை வாகனம் எண்டு,” என்றாள் ஸுல்பிகா. “ஊரில பாதி வெள்ளைதானே. ஆனா அது செவ்வாய்க்கிழமை, ஏழுக்குப் பத்து நிமிஷம். அந்த நேரத்தில அந்த வீதியில பறக்கிறது ஆர்? ஜெட்டிக்குப் போற சனம் நடந்துதான் போகும். பறக்கிறது ஏழுக்குக் கதவு பூட்டுற இடத்துக்குப் போற ஆக்கள். அதான் தை மாசம் அதில சேர்ந்தன்.”

அலுமாரியைத் திறந்து ஒரு சிறு தகரப்பெட்டியை எடுத்தாள். உள்ளே பஞ்சில் வைத்த ஒரு துண்டுக் கண்ணாடி. நகமளவு வெள்ளைப் பிளாஸ்டிக் ஓடு. வீதியிலிருந்து பொறுக்கியது.

“லாபிர் நானா வருஷம் இருக்கும் எண்டு சொன்னதும், இதான் வழி எண்டு விளங்கிச்சு. வெள்ளை வாகனம் ஆறு பேருட்ட இருக்கு. நிண்டு பார்க்கப் பயம், அதால கழட்டிக் கூடையில போட்டுக்கொண்டு வந்து, இவளும் நானும் இருந்து பார்ப்பம். இண்டைக்குக் கொண்டுவந்தது ஆறாவது.” அவள் குரல் தாழ்ந்தது. “அதுவும் வாகனத்தோட பிறந்ததுதான். ஆறும் சுத்தம். வெள்ளை முடிஞ்சு போச்சு. அவங்களில ஒருத்தரும் இல்ல. ஆறு மாசமா நான் பிழையான ஆக்களச் சந்தேகப்பட்டு, சிரிச்சுச் சாப்பாடு போட்டிருக்கன்.”

சோபனா முற்றத்தில் இறங்கி நடக்கத் தொடங்கினாள். சட்டிகளைச் சுற்றி ஒரு தரம். கிணற்றடிவரை போய்த் திரும்பி இன்னொரு தரம். கூரைத் தகரம் ஒன்று காற்றில் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பஹ்மி பக்கத்தில் வந்தான்.

“மிஸ், கள்ளன் கிடைச்சாச்சு. ஆனா ஐயாவுக்கு இந்தப் பேரச் சொல்ல எனக்கு விருப்பமில்ல.”

“எனக்கும்தான். அவர் ஏன் எங்களிட்ட வந்தவர், பஹ்மி? அவற்ற கண்ணாடி போகேல்ல. போன ஆறு பேரும் எங்களிட்ட வரேல்ல.”

“தலைவர். பேர் கெடுது எண்டு…”

“ஒளிச்சு வைச்சிருக்கிறாரே வானை. ஊருக்கெல்லாம் விளம்பரம் எண்டு ஓடுற வானை. வெள்ளை வாகனத்தை மட்டும் தொடுற ஆளுக்கு நீல வான் ஏன் பயப்பிடுது?”

பஹ்மி நெற்றியில் அடித்துக்கொண்டான். 

“ஸ்டிக்கருக்குக் கீழ,” என்றான்.

சோபனா ஏற்கெனவே தொலைபேசியில் லாபிரை அழைத்துவிட்டாள்.

“ஸ்டிக்கர் தை மாசந்தான் ஒட்டினது மிஸ்,” என்றார் லாபிர். “அதுக்கு முதல் வெள்ளை. ஏன் கேக்கிறீங்க? அந்த ஆளோட எனக்கு ஒரு சின்ன மனவருத்தம் இருக்கு. கூட்டத்தில கிழமைக்குக் கிழமை சட்டம் படிக்கிறவர், வானைத் தோப்பூரில ஒரு கராஜில குடுத்துச் செய்திருக்கார். நான் இஞ்ச இருக்கத்தக்க. இடது கண்ணாடிக் கூடு முழுசாப் புதுசு. நீலம் சுத்தியிருந்தாலும் எனக்குத் தெரியாதா? கேட்டா, மதில்ல உரசினது எண்டார்.”

சோபனா இணைப்பைத் துண்டித்து, சிவரூபனின் இலக்கத்தை அழுத்தினாள்.

“ஆளைக் கண்டுபிடிச்சிட்டன். பாலையூற்றுக்கு வாங்கோ. உங்களுக்கு மட்டுந்தான் சொல்லுவன்.”

அவர் வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஓட்டோவிலிருந்து இறங்கி, வாசலில் சட்டிகளையும் அவற்றுக்குப் பின்னால் நின்ற ஸுல்பிகாவையும் கண்டார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, சிரிப்புக்கூட வந்தது.

“இவவோ? நான் நினைக்கவே…”

உள்ளேயிருந்து தடிகளின் சத்தம் கேட்டது. மின்ஹா வாசலுக்கு வந்தாள். சிவரூபனின் கண் அவள் முகத்துக்குப் போகவில்லை. நேரே காலுக்குப் போய் அங்கேயே நின்றது.

“மார்கழி மாசம் உங்கட வான் வெள்ளை,” என்றாள் சோபனா. “தையில நீலம். நடுவில தோப்பூரில ஒரு புது இடது கண்ணாடி. ஆரோ கண்ணாடியைக் கழட்டி முதுகைப் பார்க்கினம் எண்டு தெரிஞ்சதும் வான் வீட்டை விட்டு வெளிக்கிடேல்ல. நீங்கள் கள்ளனைத் தேடேல்ல. உங்களைத் தேடுற ஆளைத் தேடினீங்கள். என்னையும் அதுக்குத்தான் பிடிச்சீங்கள்.”

“கண்ணாடி ஆரும் மாத்தலாம். மதில்ல உரசினது. அதுக்காக நீங்கள் இப்பிடி ஒரு பழியை…”

“கொஞ்சம் பொறுங்க,” என்றாள் மின்ஹா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தலையைச் சற்றுச் சரித்து, பார்க்கிறவள் போலல்லாமல் கேட்கிறவள் போல நின்றாள்.

“‘கண்ணை மூடாதேங்கோ தங்கச்சி.’ அதைச் சொல்லுங்க.”

சிவரூபனின் உதடு அந்தச் சொற்களாகவே அசைந்தது. 

“நீங்கதான்,” என்றாள் மின்ஹா. “உம்மா, நான் சொன்னேனே, ஆரோ தூக்கினாங்க எண்டு. மழைக்குள்ள ரெண்டு கை வந்து என்னக் கரைக்கு இழுத்திச்சு, இந்தக் குரல்தான் அதைச் சொல்லிச்சு. உடன ஒரு பஸ் போச்சு, நான் கிடந்த இடத்தால. ஆஸ்பத்திரியில ஒருத்தரும் நம்பல்ல. மயக்கத்தில கனவு கண்டிருப்பீங்க எண்டாங்க. உங்களுக்கு இடிச்ச ஆள் வேணும். ஏழு மாசமா எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கை ஆருடது எண்டு.”

சிவரூபன் முற்றத்து மண்ணில் அப்படியே குந்திவிட்டார்.

“இறங்கினனான்,” என்றார். “இழுத்துக் கரையில போட்டனான். பஸ் கொஞ்சம் தள்ளிப் போய் நிண்டிட்டுது, ஆக்கள் இறங்கி ஓடிவந்தவை. அவை பார்ப்பினம் எண்டு நினைச்சன். வானுக்குப் போனன். பிறகு…” அவர் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். “ஏழு மணிக்குக் கூட்டத்தில இருந்தன். ரெண்டு நிமிஷம் பிந்திட்டுது. தலைவர் எண்டு கதவைத் திறந்து விட்டவை.”

“அதுக்குப் பிறகு ஒரு மாசத்தில நான் அங்க வந்தன்,” என்றாள் ஸுல்பிகா. குரல் உயரவே இல்லை. அவள் கிட்டப் போகவும் இல்லை. “ஆறு மாசம். என்ட கையால இடியப்பம் வைச்சன் உங்களுக்கு. உங்களுக்கு உறைப்புக் கூடாது எண்டு சம்பலைத் தனியா எடுத்து வைச்சன். ஒரு நாளும் தெரியல்லயா?”

“சத்தியமா நீங்கள் தாய் எண்டு தெரியாது.”

“விசாரிச்சீங்களா, அந்தப் பிள்ளை உயிரோட இருக்கா எண்டு?”

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று.

“விசாரிக்கப் பயமா இருந்தது,” என்றார். “விசாரிச்சாத் தெரிஞ்சிடுமே.”

காற்று ஒரு சட்டி மூடியை உருட்டிக்கொண்டு போய் வேலியில் மோதியது. பஹ்மி போய் எடுத்து வந்து இடத்தில் வைத்தான். 

ஸுல்பிகா மகளிடம் திரும்பினாள். “இவர் உன்ன இடிச்சுப் போட்டு ஓடின ஆள், மின்ஹா. தூக்கினது கணக்கில்ல. விட்டுட்டுப் போனாரே.”

“ஓம் உம்மா. போனார்.”

“பிறகு என்னத்துக்கு அவர அப்பிடிப் பார்க்கிறாய்?”

மின்ஹா தடிகளை ஒன்றாக ஒரு கைக்கு மாற்றி, கதவு நிலையைப் பிடித்து, படியால் இறங்க ஆயத்தமானாள். ஸுல்பிகா ஓடிப்போய்ப் பிடித்தாள்.

“எங்க போறாய்?”

“பொலிசுக்கு. இவர் போகத்தானே வேணும்? நானும் வாறன்.”

“உனக்கு ஏலாது. கால் வீங்கும். மிஸ் கூட்டிக்கொண்டு போவாங்க.”

“இல்ல உம்மா. இவர் தனியப் போனா, தூக்கினத மட்டும் சொல்லுவார். நீங்க போனா இடிச்சத மட்டும் சொல்லுவீங்க. ரெண்டும் எனக்குத்தான் நடந்தது. நான் இருந்து ரெண்டையும் எழுதச் சொல்லுறன்.”

அவளை ஓட்டோவில் ஏற்றப் பத்து நிமிடம் பிடித்தது. பஹ்மி பின் இருக்கையில் இரண்டு தலையணைகளை வைத்தான். கம்பி போட்ட காலை ஸுல்பிகா தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முந்தானையால் மூடினாள். அகப்பையும் தகரப்பெட்டியும் அவளுக்குப் பக்கத்தில் இருந்தன. எதற்கென்று அகப்பையை எடுத்தாளோ, அவளுக்கே தெரியாது.

சிவரூபன் இன்னும் மண்ணில் இருந்தார். அவர் வந்த ஓட்டோ வேலியோரம் காத்துக்கொண்டிருந்தது. சோபனா போய் அவர் முன்னால் நின்றாள்.

“வக்கீல் ஒருத்தரோட கதைச்சிட்டு நாளைக்கு வரட்டோ?” என்று கேட்டார்.

“வக்கீலை அங்க கூப்பிடுங்கோ. அது உங்கட உரிமை. எழும்புங்கோ.”

அவர் எழுந்தார். முன்னால் நின்ற ஓட்டோவின் பின்கண்ணாடிப் பிளாஸ்டிக் வழியாக மின்ஹா திரும்பிப் பார்த்தாள். கையை அசைக்கவில்லை. அவர் நடக்கிறாரா என்று மட்டும் பார்த்தாள். அவர் நான்கு எட்டு வைத்து மற்ற ஓட்டோவுக்குள் ஏறியதைக் கண்ட பிறகுதான் முன்னால் திரும்பி, “இப்ப எடுங்க நானா,” என்றாள் பஹ்மியிடம்.